பிழைப்பைத் தேடியவர்கள் சுட்ட பன்

டோக்கியோவின் கிழக்கோரத்தில், எடோகாவா வட்டாரத்தில், நிஷி கசாய் என்றொரு ரயில் நிலையம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிக் கணினிகளைச் சரிசெய்ய வந்த இந்தியப் பொறியாளர்கள் குடியேறத் தொடங்கிய பகுதி அது. இன்று அந்த நடைபாதையில் தமிழ் காதில் விழுந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மளிகைக் கடையில் துவரம்பருப்பும் புளியும் கிடைக்கின்றன. அதே தெருக்களில்தான் ஜப்பானியக் குடும்பங்கள் நடத்தும் சிறு பேக்கரிகளும் இருக்கின்றன. நான்கைந்து மேசை, ஒரு காபி இயந்திரம், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அடுப்பு. ஒரு பக்கம் மரத்தட்டுகளில் பன் வகைகள், மறுபக்கம் குளிரூட்டிய கண்ணாடிப் பெட்டியில் கேக் துண்டுகள்.

உள்ளே நுழைந்ததும் ஒரு தட்டையும் இடுக்கியையும் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். வேண்டியதை நாமே எடுத்து வைத்துக் கல்லாவுக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம். கல்லாவில் நிற்பவர் ஒவ்வொரு பன்னையும் தனித்தனி உறையில் இடுவார். ஒன்றின் மேல் பூசிய சர்க்கரை மற்றொன்றில் ஒட்டிவிடக் கூடாதாம். இங்கேயே சாப்பிடுகிறீர்களா, எடுத்துப்போகிறீர்களா என்று கேட்பார். அது வெறும் உபசாரக் கேள்வியல்ல. 2019 அக்டோபர் முதல் எடுத்துப்போகிற உணவுக்கு 8 சதவீத வரி, உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீதம். கேக் வாங்கினால் இன்னொரு கேள்வியும் வரும்: வீடு போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? நாம் சொல்கிற பதிலுக்கு ஏற்ப, உறைய வைத்த சிறு பொதிகளைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுப்பார். வாங்கியவர் வீட்டில் அந்த க்ரீம் எந்த நிலையில் தட்டுக்கு வரும் என்பதுவரை கவலைப்படுகிற வியாபாரம் இது. எனக்கு இந்தக் கடைகள்மேல் பிரியம் வந்ததற்கு முதல் காரணம் அதுதான்.

இரண்டாவது காரணம், தட்டுகளில் இருப்பவற்றின் வரலாறு. இவற்றில் எதுவும் அந்த மண்ணில் ஆதிகாலம் தொட்டு இருந்ததல்ல. கோதுமை மாவைப் புளிக்கவைத்து அடுப்பில் சுடுவது ஜப்பானியச் சமையலறைக்கு அந்நியமான வேலை. அதை அங்கே வேரூன்றச் செய்தவர்களில் பலர், முன்பு செய்துவந்த தொழில் கையைவிட்டுப் போனவர்கள்.

கிமுரா யாசுபே என்பவரிலிருந்து தொடங்கலாம். சாமுராய் வகுப்பைச் சேர்ந்தவர். 1868-இல் மெய்ஜி ஆட்சி வந்தபின் பழைய பிரபுக்களின் அரண்மனைகளும் அவற்றை நம்பியிருந்த உத்தியோகங்களும் கலைந்தன. வாள் ஏந்திய வகுப்பினர் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். நடுத்தர வயதைத் தாண்டிய கிமுரா, 1869-இல் ஒரு பேக்கரி தொடங்கினார். கடை தீயில் எரிந்தது. மறுபடி கின்சாவில் தொடங்கினார். துறைமுகங்களில் வெள்ளைக்காரர்கள் தின்ற பிரெட் கெட்டியாக இருந்தது. சோறு தின்று பழகிய நாக்குக்கு அது ஒட்டவில்லை. பிரெட்டைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டும் எளிதில் கிடைக்கவில்லை. கிமுராவும் அவருடைய மகனும், சாக்கே என்னும் அரிசி மது வடிப்பவர்கள் பயன்படுத்தும் புளிப்பூட்டியை மாவில் சேர்த்துப் பார்த்தார்கள். அரிசியும் கோஜி என்னும் பூஞ்சையும் சேர்ந்து உருவாகும் புளிப்பு அது. மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனால் மாவு மிருதுவாகும், லேசான மணம் ஏறும். உள்ளே அசுகி என்னும் சிறிய சிவப்புப் பயறை வேகவைத்துச் சர்க்கரை சேர்த்துக் கிளறிய பூரணத்தை வைத்தார்கள். 1874-இல் ஆன்பான் பிறந்தது.

மறு ஆண்டு ஏப்ரல் 4 அன்று மெய்ஜி சக்கரவர்த்தி செர்ரிப் பூக்களைப் பார்க்கச் சென்றபோது அந்த பன் அவருக்குப் பரிமாறப்பட்டது. ஏற்பாடு செய்தவர் அரண்மனைப் பணியில் இருந்த வாள்வீரர் யமாவோக்கா தெஷ்ஷு. அந்த வேளைக்கென்றே பன்னின் நடுவில் ஒரு குழி வைத்து, யோஷினோ மலையில் பூத்த அடுக்குச் செர்ரிப் பூவை உப்பிலிட்டு அதில் பதித்திருந்தார்கள். இன்றும் கின்சாவில் கிமுராயா கடை இருக்கிறது. பூ பதித்த பன் விற்கிறது. கடித்தவுடன் நாக்கில் முதலில் படுவது உப்பு. அது அடங்கும்போது பூரணத்தின் இனிப்பு மேலே வருகிறது. இனிப்பை உயர்த்திக் காட்ட உப்பை முன்னால் நிறுத்துகிற இந்த நுட்பத்தை நான் வேறெந்த பன்னிலும் இவ்வளவு துல்லியமாகக் கண்டதில்லை.

அதற்குப் பக்கத்துத் தட்டில் பெரும்பாலும் க்ரீம்பான் இருக்கும். கையுறை மாதிரி, ஓரத்தில் விரல்களாகக் கீறிய வடிவம். உள்ளே முட்டையும் பாலும் சேர்த்துக் காய்ச்சிய கஸ்டர்டு. இதன் கதை இந்தியாவுக்கு வந்து சேர்கிறது.

சோமா ஐசோவும் அவர் மனைவி கொக்கோவும் 1901-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்துக்கு எதிரே நகமுராயா என்ற பேக்கரியை விலைக்கு வாங்கினார்கள். இருவருக்கும் அந்தத் தொழிலில் முன்னனுபவம் கிடையாது. ஐசோ பட்டுப்புழு வளர்ப்பில் இருந்தவர். கொக்கோ படித்தவர், எழுதுகிறவர். ஒருநாள் க்ரீம் பஃப் தின்று வியந்து, பூரணத்துக்குப் பதில் இதை வைத்தால் என்ன என்று நினைத்தார்களாம். 1904-இல் க்ரீம்பான் வந்தது. பிறகு கடை ஷிஞ்ஜுகுவுக்கு மாறியது. ஓவியர்களும் சிற்பிகளும் எழுத்தாளர்களும் அங்கே கூடினார்கள்; கடைக்குப் பின்னால் ஓவியர்கள் தங்கி வேலை செய்ய ஒரு கூடமும் இருந்தது.

அந்தக் கூடத்தில்தான் 1915 டிசம்பரில் ராஷ் பிஹாரி போஸ் ஒளிந்தார். 1912-இல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசப்பட்ட வழக்கில் பிரிட்டிஷ் அரசு தேடிக்கொண்டிருந்த புரட்சியாளர் அவர். ஜப்பானுக்குத் தப்பி வந்தவரை நாடுகடத்த லண்டனிலிருந்து நெருக்கடி வந்தது. ஜப்பானிய அரசும் வெளியேற்ற உத்தரவு போட்டது. ஒரு பன் கடைக்காரக் குடும்பம் அவரைச் சில மாதங்கள் மறைத்து வைத்துச் சோறு போட்டது. பிடிபட்டிருந்தால் கடையும் போயிருக்கும், பெயரும் போயிருக்கும். உத்தரவு விலக்கப்பட்ட பிறகும் ஆபத்து தீரவில்லை. அவர் வீடு மாறி வீடு மாறி வாழ்ந்தார். 1918-இல் சோமா தம்பதியின் மூத்த மகள் தோஷிகோ அவரை மணந்தார். இரண்டு குழந்தைகளைப் பெற்று, 1925-இல், முப்பது வயதை எட்டுமுன்பே தோஷிகோ இறந்துபோனார். போஸின் கதையைச் சொல்கிறவர்கள் தோஷிகோவை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். தலைமறைவாக வாழ்கிறவனை மணக்கச் சம்மதித்த அந்தப் பெண்ணின் துணிச்சலுக்கு ஒரு வரி போதாது.

மனைவி இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1927-இல், நகமுராயா ஓர் உணவகம் திறந்தபோது போஸ் தன் ஊர்க் குழம்பை அங்கே அறிமுகப்படுத்தினார். அதுவரை ஜப்பானியர் அறிந்திருந்தது பிரிட்டிஷார் வழியாக வந்த, மாவு கரைத்துக் கெட்டியாக்கிய கறி. எலும்போடு கோழி போட்டு, மசாலா சேர்த்துச் செய்த குழம்பை அவர் முன்வைத்தார். மற்றக் கடைகளின் கறியைவிட விலை பல மடங்கு. ஆனாலும் கூட்டம் வந்தது. இன்றும் ஷிஞ்ஜுகுவில் நகமுராயா அந்தக் கறியைப் பரிமாறுகிறது. இதே 1927-இல்தான் டோக்கியோவின் ஃபுகாகவா பகுதியில் ஒரு பேக்கரி, பன்னுக்குள் கறியை வைத்துப் பொரித்து எடுக்கும் முறையைப் பதிவுசெய்தது. கரேபான் அங்கே பிறந்தது என்பது பரவலான கருத்து. உரிமை கோருகிற வேறு கடைகளும் உண்டு.

போஸ் பின்னாளில் இந்தியச் சுதந்திர லீகை நடத்தினார். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் அதன் தலைமையைச் சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தார். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். ஜான்சி ராணிப் படையில் தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். நம் வீடுகளில் நேதாஜியின் படம் இருக்கிறது. ராஷ் பிஹாரியின் படத்தைக் காண்பது அரிது. அவரைக் காப்பாற்றிய பேக்கரிக் குடும்பத்தின் பெயரைப் பாடப்புத்தகத்தில் நான் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இனி கண்ணாடிப் பெட்டிக்கு வருவோம். நடுநாயகமாக நிற்பது ஸ்ட்ராபெரி ஷார்ட்கேக். வெண்ணிற ஸ்பாஞ்ச், வெண்ணிற க்ரீம், உச்சியில் ஒற்றைச் சிவப்புப் பழம். பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது; ஆனால் அமெரிக்காவில் அந்தப் பெயருக்குரியது பிஸ்கட் போன்ற உதிரும் அப்பத்தின் மேல் பழம் போட்ட பலகாரம். ஜப்பானில் ஃபுஜியா நிறுவனம் 1922 முதல் தன் வடிவத்தை விற்கத் தொடங்கியது. போருக்குப் பிறகு குளிர்பதனப் பெட்டி பரவியதும் பசும்பால் க்ரீம் சாத்தியமாயிற்று; இந்தக் கேக் ஒவ்வொரு தெருவுக்கும் வந்தது. மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 1 சதவீதமே உள்ள நாட்டில் டிசம்பர் 24 அன்று குடும்பம் குடும்பமாக வரிசையில் நின்று இதைத்தான் வாங்குகிறார்கள். உங்கள் கைப்பேசியில் கேக் என்று தேடினால் வருகிற சின்னப் படங்களில், சிவப்புப் பழம் வைத்த வெள்ளைத் துண்டு ஒன்று இருக்குமே, அது இதுதான். அந்தச் சின்னங்கள் ஜப்பானியக் கைப்பேசிகளில் தொடங்கி உலகுக்குப் பரவியவை.

ஷார்ட்கேக்குக்கு அருகே நூடுல்ஸ் பிழிந்தது போன்ற மஞ்சள் குவியல் மோன்ப்ளாங்க். பிரெஞ்சு மூலத்தில் செஸ்ட்நட் விழுது பழுப்பு நிறம். டோக்கியோவின் ஜியுகாவோக்கா பகுதியில் 1933-இல் திறக்கப்பட்ட ஒரு கடை, சர்க்கரைப்பாகில் ஊறவைத்த மஞ்சள் செஸ்ட்நட்டைக் கொண்டு அதைச் செய்தது. நாடெங்கும் அந்த மஞ்சளே பரவியது.

அடுத்திருப்பது பௌம்கூஹென். மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்கள் போல அடுக்கடுக்காகச் சுட்ட ஜெர்மானியக் கேக். சுழலும் கோலின் மேல் மாவை ஊற்றி, ஓர் அடுக்கு வெந்ததும் அடுத்த அடுக்கு ஊற்றிச் சுடுவார்கள். ஜெர்மனியில்கூட இது அன்றாடப் பண்டம் அல்ல. ஜப்பானில் மூலைக்கடை வரை கிடைக்கிறது. வளையங்கள் ஆண்டுகளாகப் பெருகட்டும் என்று திருமண விருந்தினருக்கும் கொடுத்தனுப்புகிறார்கள். கொண்டுவந்தவர் கார்ல் யூஹைம். சீனாவில் ஜெர்மனியின் வசமிருந்த சிங்தாவ் நகரில் மிட்டாய்க்கடை வைத்திருந்தவர். முதல் உலகப் போரில் ஜப்பான் அந்நகரைப் பிடித்தபோது கைதியாகி, ஹிரோஷிமாவுக்கு எதிரே நினோஷிமா தீவு முகாமில் அடைக்கப்பட்டார். 1919 மார்ச்சில் கைதிகளின் கைவேலைகளை ஹிரோஷிமாவில் ஒரு கண்காட்சியாக வைத்தார்கள். யூஹைம் அங்கே பௌம்கூஹென் சுட்டு விற்றார். கண்காட்சி நடந்த கட்டடம் எது தெரியுமா? 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு வானில் வெடித்த இடத்துக்கு நேர்கீழே இருந்த புள்ளியிலிருந்து ஏறக்குறைய 160 மீட்டர் தூரத்தில் நின்று, இன்றும் எலும்புக்கூடாக நிற்கிற அந்தக் குவிமாடக் கட்டடம்தான்.

விடுதலையான யூஹைம் ஊர் திரும்பவில்லை. 1922-இல் யோகோஹாமாவில் கடை வைத்தார். 1923 செப்டம்பர் 1-ஆம் தேதி பெருநிலநடுக்கம் அதைத் தரைமட்டமாக்கியது. மனைவி எலிசேயோடு கோபேக்குப் போய் மூன்றாம் முறையாகத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் மகனை இழந்தார். குண்டுவீச்சில் கடையையும் இழந்தார். ஜப்பான் சரணடைந்ததாக அறிவிப்பதற்கு முதல்நாள், 1945 ஆகஸ்ட் 14 அன்று, கண்ணை மூடினார். நாட்டைவிட்டு அனுப்பப்பட்ட எலிசே, பழைய ஊழியர்கள் கடையை மீட்டெழுப்பிய பின் 1953-இல் திரும்பி வந்தார். அந்நிய மண்ணில் தன் கணவரின் கேக் நிலைத்ததை அவராவது கண்ணால் பார்த்தாரே என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

இத்தனை பேர் கொண்டுவந்ததையும் ஜப்பானிய நாக்கு அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. மிருதுவாக்கியது; இனிப்பைக் குறைத்தது. அதிகம் தித்திக்கவில்லை என்பது அங்கே கேக்குக்குக் கிடைக்கும் பாராட்டு. மிருதுவுக்கு ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. மாவில் ஒரு பங்கை எடுத்துக் கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, இரவு முழுக்க வைத்திருந்து, மறுநாள் மீதி மாவோடு சேர்க்கிறார்கள். கொழுக்கட்டைக்கு நாம் வெந்நீர் ஊற்றி மாவு பிசைகிறோமே, அதே அறிவியல்தான். சூட்டில் மாவுச்சத்து நீரை உறிஞ்சிக் கூழாகிறது. சுட்ட பிறகும் அந்த ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் அங்கத்திய பால் பிரெட் மறுநாளும் காய்வதில்லை. கிழித்தால் நூல் நூலாகப் பிரிகிறது. அதை வெட்டுவதிலும் ஊர்ப்பழக்கம் உண்டு. ஒரே அளவு பிரெட்டை ஒசாகா பக்கத்தில் 4 அல்லது 5 கனத்த துண்டுகளாக விரும்புகிறார்கள். டோக்கியோ பக்கத்தில் 6 அல்லது 8.

பேக்கரிகள் தெருத்தெருவாகப் பெருகியதற்கு வேறொரு காரணம் பசி. தோல்வியடைந்த நாட்டுக்கு அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. பள்ளி மதிய உணவில் பிரெட்டும் பால்பொடிப் பாலும் கொடுத்தார்கள். 1954-இல் அதற்கென்று சட்டமே வந்தது. பள்ளி உணவில் சோறு முறையாக இடம்பெற 1976 ஆயிற்று. பிரெட் தின்று வளர்ந்த அந்தப் பிள்ளைகள் வாழ்நாள் முழுக்க பிரெட் வாங்கினார்கள். 2011-இல் ஜப்பானியக் குடும்பங்கள் அரிசிக்குச் செலவழித்ததைவிட பிரெட்டுக்கு அதிகம் செலவழித்தன என்று அரசுக் கணக்கெடுப்பு சொன்னது.

நிஷி கசாயில் எனக்குத் துணையாக வந்தவர் கோயம்புத்தூர்க்காரர். அங்கே பல ஆண்டுகளாகக் குடியிருப்பவர். என் இடுக்கி கரேபான் பக்கம் நீண்டதும் பதறினார். “அண்ணா, அத எடுத்துறாதீங்க. உள்ள மாட்டுக்கறி இருக்கும்ங்க.” பிறகு மெலோன்பானைக் காட்டினார். பன்னின் மேல் பிஸ்கட் மாவைப் போர்த்திக் கட்டம் கட்டமாகக் கீறிச் சுட்டது. பெரும்பாலும் மெலோன் பழம் அதில் இருப்பதில்லை. “இதுல முட்டை இருக்குங்க. நீங்க சாப்பிடுவீங்கதானே?” சைவ உணவுக்காரர்கள் இந்தக் கடைகளில் கவனமாக இருக்க வேண்டும். பொதியிட்டு விற்கும் பண்டங்களில் முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை போன்றவற்றைக் கட்டாயம் அச்சிட வேண்டும் என்பது சட்டம். கடையிலேயே சுட்டு விற்பதற்கு அந்தக் கட்டாயம் இல்லாவிட்டாலும் பல கடைகள் விலைச்சீட்டில் சிறு படங்களாகப் போட்டு வைக்கின்றன. ஆனால் அந்தப் பட்டியல் ஒவ்வாமைக்காக உருவானது. பன்றிக்கொழுப்பும் ஜெலட்டினும் அதில் வராமல் போகலாம். கேட்டால் பொறுமையாக உள்ளே போய் மாவுப் பையையும் கொழுப்பு டப்பாவையும் பார்த்துவந்து சொல்கிறார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

இந்தக் கடைகளைப் பற்றி எனக்குக் கவலையும் உண்டு. காலை 7 மணிக்குச் சூடான பன் தட்டில் இருக்க வேண்டுமானால், சுடுகிறவர் நடுநிசி கடந்த சில மணி நேரத்தில் எழ வேண்டும். அந்த வாழ்க்கைக்குப் பிள்ளைகள் வருவதில்லை. முதியவர் ஓய்ந்ததும் கதவு மூடிக்கொள்கிறது. ஜப்பானின் கோதுமைத் தேவையில் 80 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி. அரசே வாங்கி ஆலைகளுக்கு விற்கிறது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் விலையை மாற்றுகிறது. 2022 ஏப்ரலில் ஒரே தடவையில் சராசரியாக 17.3 சதவீதம் ஏற்றியது. பெருநிறுவனங்கள் அதைத் தாங்கும். தெருமுனைக் கடையோ, அன்றாடம் முகம் பார்க்கிற பாட்டியிடம் ஒரு பன்னுக்கு இருபது யென் கூட்டிக் கேட்கத் தயங்குகிறது. கிமுராவுக்கும் யூஹைமுக்கும் வீழ்ந்தபின் எழ ஒரு பன் கடை இருந்தது. இன்று அந்தக் கடைக்காரரே வீழ்ந்தால் அவருக்கு என்ன இருக்கிறது என்ற கேள்வியைப் பெரிய பேரங்காடிகள் கேட்பதில்லை. டோக்கியோவில் வாழும் நம் பிள்ளைகள் கேட்கலாம். ரயில் நிலையத்துப் பேரங்காடியில் வாங்குகிற பிரெட்டை வாரத்தில் ஓரிரு நாள் தெருமுனையில் வாங்கினால், அதுவே அந்த அடுப்புக்குப் பெரிய உதவி.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். எந்த பன் எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறங்கும் என்று பல கடைகள் பலகையில் எழுதி வைக்கின்றன. அதைப் பார்த்து வைத்துக்கொண்டு மறுநாள் அந்த நேரத்துக்குப் போங்கள். பிற்பகல் 3 மணி அங்கே சிற்றுண்டி வேளை. கேக் பெட்டி சீக்கிரம் காலியாகும். இலையுதிர்காலத்தில் போனால் புதுச் செஸ்ட்நட் வந்திருக்கும், மோன்ப்ளாங்க் கேளுங்கள். டிசம்பரிலிருந்து மே வரை ஸ்ட்ராபெரி. பசுமைக்குடிலில் வளர்ப்பதால் அங்கே அது குளிர்காலப் பழம். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் போகிறவர்கள் உப்புப் பூ பதித்த ஆன்பானை முதலில் வாங்குங்கள், க்ரீம் வைத்த எதையும் தின்பதற்கு முன்னால்.